குடலில் குடியிருப்போருக்கு யார் படியளப்பது?

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆசை ஆசையாக வாளி நிறையப் பொங்கல் வைத்திருப்பார்கள். மாடும் மிச்சம் வைத்திருக்காது. விடிந்து பார்த்தால் வயிறு உப்பி, அசைபோடாமல், தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் நிற்கும். திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூர், சோமாசிபாடி, வேட்டவலம் பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். "மாட்டுக்குச் சோறு ஆவாதுங்க, அளவு மீறி வெச்சா செத்துப்பூடும்" என்பார்கள். வைக்கோலையும் மல்லாட்டை எனும் நிலக்கடலையின் கொடியையும் கரைத்துவிடுகிற வயிறு, குழைய வெந்த சோற்றுக்கு ஏன் படுத்துவிடுகிறது?

ஏனென்றால் வைக்கோலைச் செரிப்பது மாடே இல்லை. நூறு லிட்டர்வரை கொள்ளும் அதன் முதல் வயிற்றில் ஆக்ஸிஜன் கிடையாது. அந்த இருட்டில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அந்த அமிலங்களிலிருந்து வருகிறது. திடீரென்று சோறு கொட்டப்பட்டால் மாவுச்சத்தை வேகமாகத் தின்னும் வேறொரு கூட்டம் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கக்கி, வயிற்றையே புளிக்கவைத்துவிடுகிறது. நாரைத் தின்னும் பழைய குடிகள் அந்தப் புளிப்பில் மடிகின்றன. மருத்துவர் வந்து சோடா உப்பைக் கரைத்து ஊற்றுவார். ரொம்பவும் முற்றிப்போனால், நல்ல மாட்டின் வயிற்று நீரை எடுத்து நோய்ப்பட்ட மாட்டுக்குப் புகட்டுவதும் உண்டு. அதாவது, புதிதாகக் குடியேற்றுவது.

மாடு வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார். அதே மனிதர் தன் வயிற்றுக்கும் தன் பிள்ளையின் வயிற்றுக்கும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அரிசி அளக்கும் அரசும், மாத்திரை கொடுக்கும் கடையும், சத்துமாவு தரும் அங்கன்வாடியும் அந்தக் கணக்கைப் போட்டதில்லை.

நம்முடைய ஏற்பாடு மாட்டுக்குத் தலைகீழ். நமக்கு நொதிக்கும் இடம் கடைசியில், பெருங்குடலில் இருக்கிறது. நம் உடலில் உள்ள பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் சொந்த செல்களின் எண்ணிக்கைக்கு அது ஏறக்குறையச் சமம். மனித செல் ஒன்றுக்குப் பாக்டீரியா பத்து என்று மேடைதோறும் சொல்லப்பட்டுவந்த கணக்கு அத்தோடு போயிற்று. இந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. அங்கே ஆக்ஸிஜன் ஆகாத இனங்கள்தான் மிகப் பெரும்பான்மை. எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஈ.கோலை அங்கே நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. ஆய்வகத் தட்டில் காற்றுபட வளர்க்க வசதியானது என்பதால் அது பல ஆண்டுகள் குடலின் அதிபதியாகப் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது. காற்றுபட்டதும் சாகிறவற்றை எண்ணுவதற்கு ஆள் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட் என்பவர் ஆக்ஸிஜனை விரட்டிய குழாய்களில் நுண்ணுயிர் வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் கதை மாறியது. அவர் அதைக் கண்டுபிடித்தது மனிதக் குடலுக்காக இல்லை, மாட்டு வயிற்றை ஆராய்வதற்காக!

இந்தக் கூட்டத்தில் முதலில் பெயர் பெற்றவற்றில் ஒன்று பாக்டீராய்டிஸ். பாரிஸில் 1898-ல் வேயோன், சூபேர் என்ற இருவர் குடல்வால் அழற்சியின் சீழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பேரினமாக அதற்கு 1919-ல் பெயர் வைத்தவர்கள் ஆல்டோ காஸ்டெல்லானியும் ஆல்பர்ட் சால்மர்ஸும். இருவருமே கொழும்பில் வேலை பார்த்தவர்கள். காஸ்டெல்லானி அங்கே நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் தலைவராகப் பத்தாண்டுக்கு மேல் இருந்தார். இலங்கையில் பார்த்த நோய்களையெல்லாம் திரட்டி இருவரும் எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில்தான் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்க் குடல்களுக்கும் இந்த விஞ்ஞானத்துக்கும் உறவு பழையது.

பாக்டீராய்டிஸ் சாதுவும் அல்ல, போக்கிரியும் அல்ல. குடலுக்குள் இருக்கும்வரை சோறு சமைக்கும். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சிந்தினால் சீழ்க்கட்டி வைக்கும். "நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா" என்று விளம்பரத்தில் சொல்வது குழந்தைக் கதை. இருக்கிற இடமும் கிடைக்கிற தீனியும்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

தீனி என்றால் எது? நாம் செரித்தது போக மிஞ்சியது. அரிசியின் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சிறுகுடலே உறிஞ்சிவிடும். கேழ்வரகின் உமி, பயறின் தோல், கீரையின் நார், வாழைக்காயில் உள்ள பிடிகொடுக்காத மாவுச்சத்து இவையெல்லாம் அப்படியே பெருங்குடலுக்கு வந்துசேரும். இவற்றை உடைக்க நம் மரபணுக்களில் கருவி மிகக் குறைவு. பாக்டீராய்டிஸ் தீட்டாஅயோட்டாஓமைக்ரான் என்ற ஒரே ஒரு இனத்திடம் மட்டும் இதற்கென்று இருநூறுக்கும் மேற்பட்ட நொதிகள் இருப்பதாக அதன் மரபணு வரிசையைப் பார்த்தவர்கள் கண்டார்கள். உடைத்த நாரிலிருந்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று கொழுப்பு அமிலங்கள் கிடைக்கின்றன.

இதில் பியூட்டிரேட்டின் சங்கதி சுவாரசியமானது. பெருங்குடலின் உட்சுவர் செல்கள் ரத்தத்தில் வரும் சர்க்கரையைவிட இதைத்தான் விரும்பித் தின்கின்றன. அவற்றின் ஆற்றலில் எழுபது சதவீதம்வரை இதிலிருந்து வருகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் வில்லியம் ரோடிகர் காட்டினார். பியூட்டிரேட்டை எரிக்க அந்தச் செல்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். ரத்தத்திலிருந்து வரும் ஆக்ஸிஜனை அவையே தீர்த்துவிடுவதால், குடலின் உட்புறத்துக்கு அது கசிவதில்லை. உட்புறம் ஆக்ஸிஜன் இல்லாமல் இருப்பதால் பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. அவை பிழைப்பதால் பியூட்டிரேட் வருகிறது. இந்தச் சக்கரத்தை நார்ச்சத்து இல்லாத சாப்பாடோ ஆன்டிபயாட்டிக்கோ ஓரிடத்தில் நிறுத்தினால், செல்கள் வேறு எரிபொருளுக்கு மாறுகின்றன, ஆக்ஸிஜன் குடலுக்குள் கசிகிறது, காற்றை விரும்பும் ஈ.கோலையும் சால்மனெல்லாவும் தலைதூக்குகின்றன. கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லரின் குழு எலிகளில் இதைப் படிப்படியாக நிரூபித்திருக்கிறது. தங்களுக்கு ஆகாத காற்றைத் தங்கள் உழைப்பாலேயே வெளியே நிறுத்திவைக்கும் குடிகள் இவை.

இந்த அறிவியலில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட ஒரு முக்கியமான பகுதி நம் பக்கத்தில் நடந்தது. திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கிராமங்களில் 1960-களின் தொடக்கத்தில் ஒரு விதமான தீராத வயிற்றுப்போக்கு கொள்ளைநோயாகப் பரவியது. சாப்பிட்டது எதுவும் உடலில் ஒட்டாமல், ஆட்கள் மெலிந்து மெலிந்து செத்தார்கள். ஸ்ப்ரூ என்று அதற்குப் பெயர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். அந்த நோய் பின்னாளில் அடங்கிவிட்டது. ஆனால் குடலை ஆராயும் ஒரு மரபு வேலூரில் தங்கிவிட்டது.

அந்த மரபில் வந்தவர் பி.எஸ். ராமகிருஷ்ணா. காலராவுக்கும் பேதிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பது 1971 வங்கதேச அகதி முகாம்களில் திலீப் மஹலநாபிஸ் நிரூபித்துக்காட்டிய முறை. அது வேலை செய்வது சிறுகுடலில். குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும், உப்போடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உயிரைக் காப்பாற்றும், ஆனால் போக்கை நிறுத்தாது. ராமகிருஷ்ணாவின் வேலூர்க் குழு பெருங்குடலைப் பற்றி யோசித்தது. பெருங்குடலால் நாளைக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீரைத் திருப்பி உறிஞ்ச முடியும். உறிஞ்சத் தூண்டுவது பாக்டீரியா தயாரிக்கும் அந்தக் கொழுப்பு அமிலங்கள். அப்படியானால் கரைசலில் சிறுகுடலுக்குப் பிடிகொடுக்காத மாவைச் சேர்த்து, பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனி அனுப்பினால் என்ன?

அனுப்பிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஹென்றி பிண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோரும் சேர்ந்துகொண்ட ஆய்வு அது. காலராவோடு வந்த 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல், இன்னொன்றுக்கு அரிசிமாவு சேர்த்தது, மூன்றாவதற்கு லிட்டருக்கு 50 கிராம் வீதம் சிறப்பு மக்காச்சோள மாவு சேர்த்தது. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் போக்கு நிற்கச் சராசரியாகச் சுமார் 91 மணி நேரம் ஆயிற்று. மக்காச்சோள மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. பேதிக்கு மருந்து பாக்டீரியாவைக் கொல்வது என்று நினைத்திருந்த உலகத்துக்கு, பாக்டீரியாவுக்குச் சோறு போடுவதும் மருந்து என்று வேலூர் சொல்லிக்கொடுத்தது. கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பொட்டலத்தில் இன்றும் குளுக்கோஸ்தான் இருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பதும் அதே பொட்டலம்.

அதே வேலூர்க் குழு பேதியின்போது குழந்தைகளின் மலத்தையும் பார்த்தது. ஃபீகலிபாக்டீரியம் போன்ற பியூட்டிரேட் தயாரிப்பாளர்கள் பேதி நாட்களில் சரிந்து, குணமாகும்போது மெல்லத் திரும்புகின்றன என்று 2008-ல் எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்து உடல் பருத்த குழந்தைகளைப் பார்த்தபோது, அதே ஃபீகலிபாக்டீரியம் அவர்களிடம் கூடுதலாக இருந்தது! ஐரோப்பாவில் குடல் அழற்சி நோயாளிகளிடம் குறைந்துபோகிற ஒன்று என்று அதற்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. மிச்சத்தை உறிஞ்சி ஆற்றலாக்குகிற திறமை, பட்டினிக்காரனுக்கு வரம், தின்று கொழுத்தவனுக்குச் சுமை. விளம்பர வாசகங்களுக்குள் அடங்காத உண்மை.

பிரிவோடெல்லா விஷயமும் அப்படித்தான். மனிதக் குடல்களை அவற்றில் ஓங்கியிருக்கும் பாக்டீரியாவை வைத்து பாக்டீராய்டிஸ் வகை, பிரிவோடெல்லா வகை, ருமினோகாக்கஸ் வகை என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்று 2011-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்து பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அதன் முதல் ஆசிரியர் மணிமொழியன் ஆறுமுகம். அந்த மூன்று கட்டங்கள் அவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை என்று பிறகு பலரும் மறுத்தார்கள். ஆனால் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த மேலைத் தட்டில் பாக்டீராய்டிஸும், தானியமும் பருப்பும் மிகுந்த தட்டில் பிரிவோடெல்லாவும் ஓங்கும் என்பது பெரும்பாலும் நிற்கிறது. இந்தியர்களின் குடல்களில் பிரிவோடெல்லா நிறைய. போபால் பக்கத்துச் சைவத் தட்டையும் கேரளத்து மீன், இறைச்சித் தட்டையும் ஒப்பிட்ட 2019 ஆய்வில் முதலாவதில் பிரிவோடெல்லாவும் இரண்டாவதில் பாக்டீராய்டிஸும் மேலோங்கியிருந்தன. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபோன ஹமாங், கரேன் மக்களிடம் சில மாதங்களிலேயே பிரிவோடெல்லா பின்வாங்கி பாக்டீராய்டிஸ் இடம்பிடிக்கத் தொடங்கியதை 2018-ல் பார்த்தார்கள். கூடவே நாரைச் செரிக்கும் நொதிகளும் போய்விட்டன. ஆகவே பிரிவோடெல்லாவைக் கொண்டாடலாமா என்றால், நியூயார்க்கில் புதிதாக முடக்குவாதம் வந்தவர்களிடம் அது மிகுந்திருந்ததாக 2013-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. நம் பிரிவோடெல்லாவும் அவர்களுடையதும் ஒரே பெயருள்ள வேறு வேறு பங்காளிகளாக இருக்கலாம். நம்முடையதை நாம்தான் ஆராய வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் தட்டில் இப்போது என்ன இருக்கிறது? செஞ்சிச் சாலையில் இரண்டு பக்கமும் நெல், மல்லாட்டை, கரும்பு. தாத்தா காலத்தில் காலையில் கேழ்வரகுக் கூழும் மத்தியானம் களியும் இருந்தன. இன்று கூழ் என்றால் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றுவது. மற்றப் பதினோரு மாதமும் தீட்டிய அரிசிதான், இட்லியாக, சோறாக, மறுபடி தோசையாக. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 30 கிராம் நார் வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. வெறும் அரிசியில் அதை எட்ட ஒரு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்.

ரேஷன் அரிசியைப் பழிக்க நான் தயாரில்லை. பசியில்லாத ஊர்களை உண்டாக்கியது அது. 2011 ஜூனிலிருந்து அதை விலையில்லாமல் கொடுப்பதும் சரி. ஆனால் வயிற்றை நிரப்பும் வேலை முடிந்த இடத்தில், வயிற்றுக்குள் இருப்பவர்களுக்கும் சேர்த்து அளக்கும் வேலை தொடங்க வேண்டும். 2023 மே மாதம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். சாமை விளையும் ஜவ்வாது மலையை வைத்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டம் அந்த வரிசையில் அப்போது இடம்பெறவில்லை.

அவசரம் ஏன் என்று கேட்கலாம். ஸ்டான்ஃபோர்டில் சோனன்பர்க் தம்பதியின் ஆய்வகம் எலிகளுக்கு நார் குறைந்த தீனியை நான்கு தலைமுறை கொடுத்துப் பார்த்தது. ஒரு தலைமுறையில் இழந்ததை, நாரைத் திருப்பிக் கொடுத்தால் ஓரளவு மீட்கலாம். நான்காம் தலைமுறையில் பல இனங்கள் அடியோடு தொலைந்துவிட்டன. எவ்வளவு நார் கொடுத்தும் திரும்பவில்லை. எலி வேறு, மனிதன் வேறு. ஆனாலும் கூழ் குடித்த தாத்தாவிலிருந்து நூடுல்ஸ் தின்னும் பேரன்வரை நமக்கு மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

இதைச் சொன்னதும், "பழைய சோறு இருக்கே" என்று ஒரு குரல் வரும். இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையின் எஸ். ஜேஸ்வந்த் குழு, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து அரசு உதவியோடு ஆராயத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய வேலை. ஆற வைத்த சோற்றில் பிடிகொடுக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாவும் சேரும். ஆனால் அந்தக் கொஞ்சத்தை மலையாக்கி, நீராகாரம் குடித்தால் சர்க்கரையும் போகும் புற்றும் போகும் என்று வாட்ஸ்அப்பில் ஓட்டுகிறார்களே, அது வேறு வியாபாரம். தீட்டிய அரிசியை இரவெல்லாம் ஊறவைத்தாலும் அது கேழ்வரகாகிவிடாது.

புட்டியில் விற்கும் "நல்ல பாக்டீரியா" பானங்களும் இதே ரகம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் வகை. காற்றைத் தாங்கும், புட்டியில் பிழைக்கும், விற்க வசதி. பெருங்குடலின் பெரும்பான்மைக் குடிகளோ காற்றுபட்டால் மடிகிறவை. அவற்றைப் பிடித்து அடைப்பது லேசான காரியம் இல்லை. அமெரிக்காவில் ஒரு கொடிய குடல் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக, ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த மருந்துகளுக்கு 2022-லும் 2023-லும் அனுமதி கொடுத்தார்கள். அது கடைசிக் கட்ட வைத்தியம், விலையும் எட்டாதது. மற்றபடி இவற்றைச் சோறு போட்டுத்தான் வளர்க்க முடியும். அந்தச் சோற்றில் கம்பெனிக்கு லாபம் இல்லாததால் அதற்கு விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாததற்காக அரசுதான் பேச வேண்டும்.

பட்டினி போடுவது ஒரு பக்கம். விஷம் வைப்பது மறுபக்கம்.

எந்த ஊர்க் கடைவீதியிலும் மெடிக்கல் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் இதைப் பார்க்கலாம். "வயித்தால போவுதுண்ணா, மாத்திரை குடு." "எத்தினி வாட்டி?" "காத்தாலேர்ந்து நாலு." கத்தரிக்கோல் அட்டையை வெட்டும். நாலு மாத்திரை, ரெண்டு வேளை. அந்த அட்டையில் இருப்பது பெரும்பாலும் நார்ஃப்ளாக்சசின்-டினிடசோல், அல்லது ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல், அல்லது தனியாக மெட்ரோனிடசோல். சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. மெட்ரோனிடசோலும் அதன் தம்பிகளும் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இந்தக் காட்சி கொஞ்சம் கலக்கும். காற்றைச் சுவாசிக்கிற செல்லுக்குள் அது சும்மா கிடக்கும். ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் செல்லுக்குள் போனால்தான் அங்குள்ள வேதியியல் அதை விஷமாக மாற்றும், டிஎன்ஏ நொறுங்கும். அமீபாவையும் ஜியார்டியாவையும் அப்படித்தான் கொல்கிறது. பாக்டீராய்டிஸையும் அப்படித்தான் கொல்கிறது. நம் குடலின் பெரும்பான்மைக் குடிகளைக் குறிவைத்துச் செய்ததுபோன்ற மருந்து.

அமீபா சீதபேதிக்கும் கல்லீரல் சீழுக்கும் குடல்வால் வெடித்த நோயாளிக்கும் அதே மருந்து உயிர் காக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தண்ணீராகப் போகும் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. வைரஸை அது தொடக்கூடத் தொடாது. பழியில்லாதவன் தலை உருளும், திருடன் தப்பிவிடுவான். இத்தகைய கூட்டு மருந்துகள் சிலவற்றையும் சேர்த்து மத்திய அரசு 2016-ல் 344 கலவைகளைத் தடைசெய்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 2018-ல் மறுபடி 328 கலவைகளுக்குத் தடை வந்தது. கடை அலமாரியில் அண்ணன் போனால் தம்பி வந்து நிற்கிறான்.

வேலூர் உட்பட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் பிறந்தது முதல் இரண்டு வயதுவரை குழந்தைகளைப் பின்தொடர்ந்த மால்-எட் என்ற ஆய்வில், ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரி 4.9 முறை ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. குடலில் குடிகள் ஒவ்வொன்றாகக் குடியேறி, வீடு கட்டி நிலைபெறும் பருவம் அந்த இரண்டு வருடம். கெட்ட கிருமியை மருந்தால் துடைத்துவிட்டால் மீதி தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கையையும் வேலூர் சோதித்துப் பார்த்திருக்கிறது. ககன்தீப் காங் உள்ளிட்டோர், போலியோ சொட்டு மருந்துக்கு முன் கைக்குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்து, சொட்டு மருந்து கூடுதலாகப் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். நோய்க் கிருமிகள் குறைந்தன. சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. சத்துணவிலும் முட்டையிலும் காலை உணவிலும் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. இன்னும் நான்கில் ஒன்று! கலோரி போதாமல் மட்டுமா இது? டாக்காவில் வேறுவிதமாக யோசித்திருக்கிறார்கள். தஹ்மீத் அகமதும் அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் மிர்பூர் குடிசைப் பகுதியில் எடை குறைந்த, 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு இரண்டு விதமான கூட்டுணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று வழக்கமான சத்துணவு, அரிசி, பருப்பு, பால்பவுடர் கலந்தது. மற்றொன்று குடல் பாக்டீரியாவை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்த கலவை. மூன்று மாதம் கொடுத்ததில் இரண்டாவது கலவையில் கலோரி குறைவாக இருந்தும் எடை நன்றாக ஏறியது. 2021-ல் வெளிவந்த முடிவு இது. எடை ஏறிய குழந்தைகளின் குடலில் பெருகியவற்றில் பிரிவோடெல்லா முக்கியமானது என்று பிறகு கண்டார்கள்.

அந்தக் கலவையில் என்ன இருந்தது தெரியுமா? கொண்டைக்கடலை, சோயா, வாழைக்காய், மல்லாட்டை.

கீழ்பென்னாத்தூர்க் குழந்தைக்கு இதில் எதுவும் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. மல்லாட்டை கண்ணெதிரே விளைந்து, மூட்டையாகி, எண்ணெய் ஆலைக்குப் போகிறது. வாழைக்காய் சந்தையில் கிடக்கிறது. அங்கன்வாடிச் சத்துமாவில் கேழ்வரகும் கடலையும் ஏற்கெனவே உண்டு. அவற்றோடு வெல்லமும் கோதுமையும் எவ்வளவு இருக்கலாம், வாழைக்காய் மாவும் மல்லாட்டை மாவும் எவ்வளவு சேரலாம் என்பதைச் சோதித்துப் பார்ப்பதுதான் பாக்கி. டாக்காவில் பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. குடிதண்ணீர் கெட்டு வாரம் ஒருமுறை பேதி வருகிற பிள்ளைக்கு எந்த மாவும் ஒட்டாது. மல்லாட்டையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஈரத்தோடு கட்டிய மூட்டையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். கல்லீரலைக் கெடுக்கும், குழந்தையின் வளர்ச்சியையும் பாதிக்கலாம். ஆகவே, வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சோதனை வேண்டும், களத்தில் உலர்த்துவதற்கு உதவி வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத மாவட்டம் அல்ல இது. திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 80 கிலோமீட்டர் சொச்சத்தில் வேலூரில், குழந்தைகளின் மலத்தில் பாக்டீரியா எண்ணிப் பழகிய ஆய்வகம் இருக்கிறது. மாநிலத்தில் 54 ஆயிரம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அவற்றில் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பாதியில் பழைய மாவும் பாதியில் புது மாவும் கொடுத்து, ஒரு வருடம் எடையும் உயரமும் பார்த்து, கூடவே அந்த வட்டார மெடிக்கல் கடைகளில் சீட்டில்லாத பேதி மாத்திரையை நிறுத்தி, கரைசல் பொட்டலத்தையும் துத்தநாக மாத்திரையையும் முன்னால் வைக்கச் சொல்லலாம். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை சித்திரையில் களத்துக்கு வந்துவிடும். அதற்குள் சமூக நலத்துறை உத்தரவு போட்டால், விற்பனைக் கூடத்திலேயே சோதித்து, எண்ணெய் ஆலைக்குப் போகிற மூட்டைகளில் கொஞ்சத்தை அங்கன்வாடிக்குத் திருப்பிவிடலாம்.